வீட்டு ஈ ஒழிப்பின் வரலாறு

மனிதர் குடியிருக்கும் இடமெங்கும் கூடவே குடியிருக்கும் சிறு பூச்சி வீட்டு ஈ. சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டு இதற்கு 'மஸ்கா டொமெஸ்டிகா' என்று அறிவியல் பெயர் சூட்டினார். 'டொமெஸ்டிகா' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'வீட்டைச் சேர்ந்தது' என்று பொருள். தமிழரின் அன்றாடப் பேச்சிலும் ஈக்கு இடம் உண்டு. வியாபாரம் நடக்காத கடைக்காரர் 'ஈ ஓட்டுகிறார்'. அதிர்ந்து போனவரின் முகத்தில் 'ஈயாடவில்லை'.

வீட்டு ஈ கடிப்பதில்லை. ஆனால் மலத்தில் அமர்ந்த அதே கால்களோடு சோற்றில் வந்து அமர்கிறது. வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு, வாந்திபேதி ஆகிய நோய்களின் கிருமிகளை ஈக்கள் சுமந்து செல்லக்கூடியவை. இதனால் பெரிதும் பாதிக்கப்படுவோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். எனவே ஈ ஒழிப்பின் வரலாற்றைப் பொதுச் சுகாதார வரலாற்றின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும்.

இவ்வரலாற்றில் இரண்டு வழிகள் தொடர்ந்து வருகின்றன. ஒன்று, பறக்கும் ஈயைக் கொல்வது. மற்றொன்று, ஈ பிறக்கும் இடத்தை இல்லாமல் செய்வது. முதல் வழி கண்ணுக்கு எளிதில் தெரியும். எனவே மக்களும் அரசுகளும் பெரும்பாலும் அதையே நாடினர். நிலைத்த பயனைத் தந்தது இரண்டாவது வழியே.

ஈயின் பிறப்பும் வளர்ச்சியும்

ஈ ஒழிப்பு முறைகளின் வெற்றி தோல்விகளைப் புரிந்துகொள்ள ஈயின் வாழ்க்கைச் சுழற்சியை அறிந்திருக்க வேண்டும். ஈயின் வாழ்வில் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த ஈ என நான்கு நிலைகள் உள்ளன.

பெண் ஈ ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டைகள் இடும். இவ்வாறு பல தடவைகளில் ஏறத்தாழ 500 முட்டைகள் வரை இடக்கூடும். சாணம், மலம், கோழி எச்சம், அழுகும் காய்கறி, சமையலறைக் கழிவு போன்ற ஈரமுள்ள மட்கும் பொருள்களையே அது முட்டையிடத் தேர்ந்தெடுக்கும். கோடை வெப்பத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். வெளிவரும் வெண்ணிறப் புழு நான்கு முதல் ஏழு நாட்கள் தின்று வளரும். பின்னர் ஈரமான இடத்தை விட்டு வெளியேறி, குவியலைச் சுற்றியுள்ள உலர்ந்த மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். சில நாட்களில் கூட்டை உடைத்துக்கொண்டு ஈ வெளிவரும். முட்டையிலிருந்து ஈயாக வளர வெப்ப நாடுகளில் ஏழு முதல் பத்து நாட்களே போதும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவதாக, ஈரம் இல்லாத இடத்தில் புழு வளராது. இரண்டாவதாக, ஒரு வாரத்துக்கு மேல் கிடக்கும் குப்பையிலிருந்துதான் ஈ பறந்து வரும். அதற்கு முன் குப்பை அகற்றப்பட்டால் அடுத்த தலைமுறை பிறப்பதில்லை.

ஈயால் திட உணவைக் கடித்துத் தின்ன முடியாது. உமிழ்நீரையும் முன்பு உண்டதில் சிறிதையும் உணவின்மேல் கக்கி, அதைக் கரைத்து உறிஞ்சும். உண்ணும் இடத்திலேயே எச்சமும் இடும். கால்களிலும் உடலிலும் உள்ள மயிர்களில் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். ஈ நோய் பரப்பும் முறை இதுவே.

பழங்கால முறைகள்

பண்டைய எகிப்தில் ஈ விடாமுயற்சியின் சின்னமாகவும் கருதப்பட்டது. விரட்ட விரட்டத் திரும்பி வரும் அதன் இயல்பே இதற்குக் காரணமாகலாம். கி.மு. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆகோதெப் அரசியின் கல்லறையில் பொன்னால் செய்த மூன்று ஈ வடிவப் பதக்கங்கள் கிடைத்துள்ளன.

தமிழில் ஈ விரட்டும் கருவிக்கு 'ஈச்சோப்பி', 'ஈயோட்டி' என்னும் பெயர்கள் உண்டு. கோயிலிலும் அரசவையிலும் வீசப்படும் சாமரம் இக்கருவியின் அழகுபட்ட வடிவமே. வேப்பிலைப் புகை, சாம்பிராணிப் புகை, உணவுப் பாத்திரங்களைத் துணியால் மூடி வைத்தல் ஆகியவை வீடுகளில் வழக்கமாக இருந்தன.

இவை யாவும் ஈயை விலக்கி வைக்கும் முறைகள். ஈயின் பிறப்பைத் தடுக்கும் பழக்கம் ஒன்றும் கிராமங்களில் இருந்தது. சாணத்தை வறட்டியாகத் தட்டி வெயிலில் உலர்த்துவது எரிபொருளுக்காகச் செய்யப்பட்ட வேலை. ஆனால் மெல்லியதாகத் தட்டப்பட்டு விரைவில் உலரும் சாணத்தில் புழு பிழைப்பது அரிது. அதே சாணம் தொழுவத்தின் மூலையில் ஈரத்தோடு குவிந்து கிடந்தால் அது ஈக்களின் பிறப்பிடமாகிவிடும்.

ரெடியின் சோதனை

அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 1668-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்நம்பிக்கையைச் சோதனையால் மறுத்தார். இறைச்சித் துண்டுகளைச் சாடிகளில் இட்டு, சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடினார், சிலவற்றின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டினார். ஈக்கள் நுழைய முடிந்த திறந்த சாடிகளில் மட்டுமே இறைச்சியில் புழுக்கள் உண்டாயின.

உயிர் தானாகத் தோன்றுமா என்ற கேள்வியின் வரலாற்றில் இச்சோதனை புகழ்பெற்றது. ஈ ஒழிப்பின் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. புழுவும் ஈயும் ஒரே உயிரின் இரு நிலைகள் என்பது தெளிவானது. உணவையும் ஈயையும் பிரிக்க ஒரு வலைத்துணி போதும் என்பதும் தெரிந்தது. ஆனால் ஈயை நோயோடு தொடர்புபடுத்தி ஆராய மேலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குதிரைகளின் நகரங்கள்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் குதிரைகளை நம்பி இயங்கின. பயணிகள் வண்டி, பால் வண்டி, சரக்கு வண்டி என எல்லாவற்றையும் குதிரைகளே இழுத்தன. நியூயார்க் நகரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன. ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் இடும். லாயங்களின் பின்புறத்தில் சாணம் மலைபோல் குவிந்தது.

அமெரிக்க அரசின் பூச்சியியல் துறைத் தலைவராக இருந்த லீலண்ட் ஹோவர்ட் இச்சாணத்தை ஆராய்ந்தார். புழு மிகுந்த கால் பவுண்டு குதிரைச் சாணத்தில் 160 புழுக்களும் 146 கூட்டுப்புழுக்களும் இருப்பதைக் கண்டார். அதாவது ஒரு பவுண்டு, ஏறத்தாழ 450 கிராம், சாணத்திலிருந்து சுமார் 1,200 ஈக்கள் பிறக்கக்கூடும்.

கோடைக்காலத்தில் நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் பெருமளவில் இறந்தனர். இங்கிலாந்தில் 1911-ஆம் ஆண்டின் கடுங்கோடை இவ்வகை இறப்புகளுக்குப் பெயர் பெற்றது. மருத்துவர்கள் பலர் கோடை ஈக்களையே இதற்குக் காரணமாகச் சுட்டினர். பால் கெடுதல், தூய நீரின்மை, நெருக்கடியான குடியிருப்பு ஆகியவையும் கூடவே இருந்தன.

சுண்ணாம்பு படிந்த கால்கள்

ஈயின் மீதான பார்வையை மாற்றிய நிகழ்ச்சி 1898-ஆம் ஆண்டு ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடந்த போர். அமெரிக்கப் படைவீரர்களில் போரில் இறந்தவர்களைவிட, சொந்த நாட்டிலேயே அமைக்கப்பட்ட பயிற்சி முகாம்களில் டைபாய்டு காய்ச்சலால் இறந்தவர்கள் பலர். முகாம்களில் 20,000-க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். 1,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

காரணம் அறிய வால்ட்டர் ரீட், விக்டர் வாகன், எட்வர்ட் ஷேக்ஸ்பியர் ஆகிய மூன்று மருத்துவர்களைக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அவர்கள் முகாம் முகாமாகச் சென்று பார்த்தனர். திறந்தவெளிக் கழிப்புக் குழிகளின்மேல் சுண்ணாம்புத் தூள் தூவப்பட்டிருந்தது. அக்குழிகளில் மொய்த்த ஈக்கள் சற்றுத் தொலைவில் இருந்த உணவுக் கூடாரங்களுக்குப் பறந்து வந்து உணவின்மேல் நடந்தன. அவற்றின் கால்களில் சுண்ணாம்பின் வெண்மை படிந்திருந்தது. வலை கட்டிய கூடாரங்களில் உணவு உண்ட அதிகாரிகளுக்கு நோய் குறைவாக இருந்ததையும் குழு பதிவு செய்தது.

ஈ கழிப்பிடத்திலிருந்து நேரே உணவுக்கு வருகிறது என்பதை நுண்ணோக்கி இல்லாமலே அந்தச் சுண்ணாம்பு காட்டிக்கொடுத்தது. எனினும் ஈ மட்டுமே காரணம் என்று குழு கூறவில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகப் பரவுதல், அசுத்தமான கைகள், உடைகள் ஆகியவற்றையும் முக்கியக் காரணங்களாகக் குறிப்பிட்டது. பின்னாளில் லீலண்ட் ஹோவர்ட், வீட்டு ஈயை 'டைபாய்டு ஈ' என்றே அழைக்க வேண்டும் என்றார். 1911-ஆம் ஆண்டு வீட்டு ஈயை நோய் சுமக்கும் பூச்சியாக விளக்கி ஒரு நூலும் எழுதினார். அப்பெயர் நிலைக்கவில்லை. டைபாய்டு பரவுவதில் அசுத்த நீரின் பங்கும் நோய் அறிகுறியின்றிக் கிருமியைச் சுமப்போரின் பங்கும் பெரிது என்பது தெளிவாகிவிட்டது.

'ஈயை அடி' இயக்கம்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலச் சுகாதார வாரியத்தின் செயலாளர் சாமுவேல் கிரம்பைன் ஈக்கு எதிராக மக்களைத் திரட்டினார். ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை ஓங்கி அடிக்கும்படி கூட்டம் கத்தியதைக் கேட்டபோது 'ஈயை அடி' என்ற முழக்கம் அவருக்குத் தோன்றியதாகக் கூறுவர். அம்முழக்கம் 1905-ஆம் ஆண்டையொட்டிப் பரவத் தொடங்கியது. அவ்வூர்ப்பக்கத்துப் பள்ளி ஆசிரியரான ஃபிராங்க் ரோஸ், ஓர் அளவுகோலின் முனையில் சன்னல் வலைத்துண்டைப் பொருத்தி ஓர் அடிப்பானைச் செய்தார். கிரம்பைன் அதற்கு 'ஃபிளை ஸ்வாட்டர்' என்று பெயரிட்டார். கம்பிவலையால் ஆன ஈ அடிப்பானுக்கு ராபர்ட் மான்ட்கோமரி என்பவர் 1900-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். வலையின் துளைகள் வழியே காற்று வெளியேறிவிடுவதால் அடி விழும் முன் ஈ காற்றசைவை உணர்ந்து தப்பும் வாய்ப்புக் குறைகிறது.

இயக்கம் பள்ளிகளுக்குள் புகுந்தது. பல ஊர்களில் ஈ பிடிக்கும் போட்டிகள் நடந்தன. கனடாவின் டொராண்டோ நகரில் 1912-ஆம் ஆண்டு ஒரு நாளிதழ் நடத்திய போட்டியில் சிறுவர் சிறுமியர் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈக்களைக் கொன்று கொண்டு வந்தனர். ஐந்து லட்சத்துக்கும் மேல் கொண்டு வந்த ஒரு சிறுமி முதல் பரிசு பெற்றாள்.

ஹோவர்டின் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒரு பவுண்டு சாணத்துக்கு 1,200 ஈக்கள் என்றால், 33 லட்சம் ஈக்கள் பிறக்கத் தேவைப்படும் சாணம் ஏறத்தாழ 1,250 கிலோ. இது ஏறத்தாழ 125 குதிரைகள் ஒரே நாளில் இடும் அளவே ஆகும். ஒரு நகரத்துக் குழந்தைகள் வாரக்கணக்கில் உழைத்துக் கொன்ற ஈக்களை, சில லாயங்களின் ஒரு நாள் சாணம் ஈடுகட்டிவிடும். இயக்கத்தால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. ஈ அருவருப்புக்கு உரியது, உணவை மூடி வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது ஒரு தலைமுறையின் மனத்தில் ஊன்றியது.

அந்நகரங்களில் ஈக்கள் பெரிதும் குறைந்தது பின்னர்தான். மோட்டார் வண்டிகள் குதிரைகளின் இடத்தைப் பிடித்தன, லாயங்கள் மறைந்தன, பாதாளச் சாக்கடையும் ஒழுங்கான குப்பை அகற்றமும் வந்தன. ஈயை ஒழிக்க வேண்டும் என்று யாரும் மோட்டார் வண்டியை உருவாக்கவில்லை. ஆயினும் முழக்கங்களால் முடியாததை அது செய்து முடித்தது.

சீனாவில் 1958-ஆம் ஆண்டு தொடங்கிய 'நான்கு தீங்குகள்' ஒழிப்பு இயக்கத்தில் எலி, கொசு, சிட்டுக்குருவி ஆகியவற்றோடு ஈயும் சேர்க்கப்பட்டது. குருவிகள் பெருமளவில் கொல்லப்பட்டதால் பயிர்ப் பூச்சிகள் பெருகின. 1960-இல் குருவியின் இடத்தில் மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது.

ஒட்டுத் தாளும் நச்சுத் தாளும்

வீட்டுக்குள் வரும் ஈயைத் தடுக்கச் சன்னல்களுக்குக் கம்பிவலை அடிக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவியது. சல்லடை செய்யும் நிறுவனங்களே வலையைச் சன்னலுக்கும் தயாரித்தன. பிசின் தடவிய ஒட்டுத் தாள்கள் அதே காலத்தில் விற்பனைக்கு வந்தன. மிச்சிகனில் தயாரான 'டாங்கில்ஃபுட்' தாள் அவற்றுள் பெயர்பெற்றது.

இன்னொரு வகைத் தாள் ஆபத்தானது. ஆர்சனிக் என்னும் பாடாணம் தோய்த்த தாளை ஒரு தட்டுத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். அதைக் குடிக்கும் ஈ இறக்கும். மருந்துக் கடைகளில் இது எளிதில் கிடைத்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1889-ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸ் மேபிரிக் என்ற பெண், ஈத்தாளை ஊற வைத்து எடுத்த ஆர்சனிக்கால் கணவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். முகப்பூச்சுக்காகவே தாளை ஊற வைத்ததாக அவர் கூறினார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது, 1904-இல் விடுதலையானார். ஈக்கு வைத்த தட்டிலிருந்து குழந்தைகள் குடித்துவிடும் அபாயமும் இருந்தது. வீட்டுக்குள் நஞ்சு வைப்பதன் விலை என்ன என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

இந்தியாவோடு தொடர்புடைய ஒரு பூச்சியியலாளரின் முடிவும் இங்கே நினைக்கத்தக்கது. பீகாரில் உள்ள பூசா வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, 1909-இல் இந்தியப் பூச்சிகள் பற்றிய பெரும் நூலை எழுதியவர் ஹரால்ட் மேக்ஸ்வெல் லெஃப்ராய். முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவில் படைகளை வாட்டிய ஈக்களைக் கட்டுப்படுத்தும் பணியிலும் ஈடுபட்டார். 1925-ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வுக்கூடத்தில் பூச்சிகளைக் கொல்லும் நச்சு வாயுவைச் சோதித்தபோது அதைத் தாமே சுவாசித்து உயிரிழந்தார்.

மண்வெட்டியும் எருக்குழியும்

ஈ பிறக்கும் இடத்தையே மாற்றும் முயற்சிகளில் இந்தியர்களுக்கும் இந்தியாவுக்கும் சிறப்பான பங்குண்டு.

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே 1910-ஆம் ஆண்டு காந்தி டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே கூட்டாக வாழ்ந்தன. அவர்களில் தமிழர்கள் பலர். இத்தனை பேர் வாழும் இடத்தில் குப்பையோ கழிவோ கண்ணில் படாதபடி எல்லாம் குழியில் இட்டு மண்ணால் மூடப்பட்டன. மனிதக் கழிவும் அவ்வாறே புதைக்கப்பட்டு எருவாயிற்று. ஒரு சிறு மண்வெட்டி இருந்தால் ஈத் தொல்லையிலிருந்தும் நோயிலிருந்தும் தப்பலாம் என்பதைப் பண்ணை வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது காந்தி வலியுறுத்தினார்.

அடுத்தது எருக்குழி. இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆய்வு செய்த ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 'இந்தூர் முறை' எனப்படும் மட்கு எரு முறையை உருவாக்கினார். இலைதழை, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரமும் காற்றும் சீராகக் கிடைக்கும்படி அவ்வப்போது புரட்ட வேண்டும். நன்கு அமைந்த குவியலின் உட்புறம் கை வைக்க முடியாத அளவு சூடேறும். அச்சூட்டில் ஈயின் முட்டையும் புழுவும் பிழைக்க முடியாது. ஓரங்களில் தப்பிய புழுக்களும் குவியலைப் புரட்டும்போது உள்ளே சென்று அழியும். அதே சாணம் கவனிப்பின்றிக் கிடந்தால் ஈ பெருகுகிறது. முறையாக மட்க வைத்தால் எரு கிடைக்கிறது, ஈயும் குறைகிறது.

நகரக் குப்பைக்காகப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939-ஆம் ஆண்டு 'பெங்களூரு முறை'யை வகுத்தார். குப்பையும் மலக்கழிவும் குழிகளில் மாறி மாறி அடுக்கப்பட்டு மேலே மண்ணால் மூடப்படும். பல மாதங்களில் அது எருவாகும். நாற்றத்தையும் ஈயையும் மண் மூடாக்குத் தடுக்கும்.

மண்ணால் மூடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கூட்டிலிருந்து வெளிவரும் ஈயின் தலையில் பை போன்ற உறுப்பு ஒன்று விரிந்து சுருங்கும். அதைக்கொண்டு கூட்டை உடைப்பதோடு தளர்ந்த மண்ணையும் முட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். ஆகவே குழியை மூடிய மண்ணை மிதித்து இறுக்க வேண்டும்.

டி.டி.டி. காலம்

சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பால் முல்லர் 1939-ஆம் ஆண்டு டி.டி.டி. என்னும் வேதிப்பொருளின் பூச்சிக்கொல்லித் தன்மையைக் கண்டறிந்தார். சுவரில் ஒருமுறை தெளித்தால் மாதக்கணக்கில் அதன் வீரியம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பேனால் பரவும் காய்ச்சலையும் மலேரியாவையும் கட்டுப்படுத்தப் பயன்பட்டது. 1948-இல் முல்லருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

போர் முடிந்ததும் டி.டி.டி. வீடுகளுக்கு வந்தது. தொழுவம், சமையலறை, உணவுக்கூடம் எங்கும் தெளித்தார்கள். ஈக்கள் போலியோவைப் பரப்புகின்றன என்ற ஐயத்தால், 1945-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரில் விமானத்திலிருந்தும் தெளித்தார்கள். டெக்சஸ் மாநிலத்தின் ஹிடால்கோ மாவட்டத்தில் நடந்த ஆய்வு இன்னும் ஒழுங்கானது. சில ஊர்களில் மட்டும் டி.டி.டி. தெளித்து மற்ற ஊர்களோடு ஒப்பிட்டார்கள். தெளித்த ஊர்களின் குழந்தைகளிடம் சீதபேதிக் கிருமி குறைந்தது. பின்னர் ஊர்களை மாற்றித் தெளித்தபோது முடிவும் அதற்கேற்ப மாறியது. வாட், லிண்ட்சே ஆகியோர் இதை 1948-இல் வெளியிட்டனர். ஈ குறைந்தால் குழந்தைகளின் வயிற்று நோய் குறையும் என்பதற்கு இது முக்கியமான சான்றாயிற்று.

ஆனால் அதற்குள்ளாகவே டி.டி.டி. தோற்கத் தொடங்கியிருந்தது. 1946-ஆம் ஆண்டு சுவீடனிலும், அடுத்த ஆண்டு இத்தாலியிலும் டி.டி.டி.யால் சாகாத ஈக்கள் தோன்றின. பின்னர் பல நாடுகளிலும் அதே நிலை ஏற்பட்டது. காரணம் எளிது. லட்சக்கணக்கான ஈக்களில் நஞ்சைத் தாங்கும் சில ஈக்கள் இயல்பாகவே இருக்கும். மற்றவை மடிந்தபின் அவை மட்டும் இனம் பெருக்கும். பத்து நாளுக்கு ஒரு தலைமுறை என்பதால் ஓரிரு ஆண்டுகளிலேயே அந்த இயல்புள்ள ஈக்கள் பெரும்பான்மையாகிவிடும். பின்னர் வந்த பல பூச்சிக்கொல்லிகளுக்கும் இதே கதி நேர்ந்தது. டி.டி.டி. பறவைகளையும் சுற்றுச்சூழலையும் பாதிப்பதை ரேச்சல் கார்சன் 1962-இல் எழுதிய நூல் உலகறியச் செய்தது. இந்தியாவில் 1989-இல் வேளாண்மையில் அதன் பயன்பாடு தடை செய்யப்பட்டது.

கழிப்பறையில் ஒரு குழாய்

1970-களில் இன்றைய ஜிம்பாப்வேயில் உள்ள பிளேர் ஆய்வகத்தில் பீட்டர் மார்கன் குழிக் கழிப்பறையில் எளிய மாற்றம் ஒன்றைச் செய்தார். குழியிலிருந்து கூரைக்கு மேல் வரை ஓர் அகலமான குழாயை நிறுத்தி, அதன் உச்சியில் வலை பொருத்தினார். கழிப்பறையின் உட்புறம் இருட்டாக இருக்கும்படி அமைத்தார்.

இது வேலை செய்யும் விதம் ஈயின் இயல்பையே பயன்படுத்துகிறது. நாற்றம் குழாயின் உச்சி வழியே வெளியேறுவதால் வெளியே உள்ள ஈக்கள் அங்கே வருகின்றன. வலை அவற்றைத் தடுக்கிறது. குழிக்குள் பிறக்கும் ஈக்கள் வெளிச்சத்தை நாடிக் குழாயில் ஏறுகின்றன. வெளியேற முடியாமல் அங்கேயே மடிகின்றன. ஒரு சோதனையில் 78 நாட்களில், குழாயில்லாத கழிப்பறையிலிருந்து 13,953 ஈக்களும் குழாய் உள்ளதிலிருந்து 146 ஈக்களும் பிடிபட்டன. நஞ்சோ மின்சாரமோ இதற்குத் தேவையில்லை.

குழந்தைகளின் நோயும் ஈயும்: பிற்கால ஆய்வுகள்

இஸ்ரேல் படைமுகாம்களில் இரைப்பொறிகள் வைத்து ஈக்களைக் குறைத்தபோது, சீதபேதிக்காக மருத்துவமனைக்கு வந்தோர் 85 விழுக்காடு குறைந்தனர். இம்முடிவு 1991-இல் வெளியாயிற்று. பாகிஸ்தான் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், ஈக்களைக் கட்டுப்படுத்திய ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 விழுக்காடு குறைந்தது.

அதே ஆண்டு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலிருந்து வந்த ஆய்வு, பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா கண்நோயைப் பற்றியது. வீட்டு ஈயின் நெருங்கிய இனமான ஓர் ஈ குழந்தைகளின் கண்ணீரையும் பீளையையும் நாடி வரும். ஈக்களைக் கட்டுப்படுத்திய ஊர்களில் புதிய டிரக்கோமா நோயாளிகள் 75 விழுக்காடு குறைவாக இருந்தனர். 2004-இல் வெளியான தொடர் ஆய்வில், மருந்து தெளித்த ஊர்களில் குழந்தைகளின் கண்களில் அமரும் ஈக்கள் 88 விழுக்காடும், கழிப்பறை கட்டிய ஊர்களில் 30 விழுக்காடும் குறைந்தன. மருந்தின் பயன் பெரிதுதான். ஆனால் தெளிப்பதை நிறுத்தினால் ஈக்கள் திரும்பும், தொடர்ந்து தெளித்தால் எதிர்ப்பாற்றல் வளரும். கழிப்பறையின் பயன் சிறிதாயினும் நிலைத்து நிற்கும்.

இன்றைய வீடும் முற்றமும்

தமிழ்நாட்டில் மாம்பழக் காலத்தையொட்டி ஈக்கள் பெருகுவது எல்லோரும் அறிந்தது. வெப்பமும், முதல் மழையின் ஈரமும், பழக்கழிவும் ஒன்றுசேரும் காலம் அது. நாமக்கல் போன்ற கோழிப்பண்ணைப் பகுதிகளில் ஈத் தொல்லை ஊர்ப் பிரச்சினையாகவே எழுவதுண்டு. கூண்டுகளின் அடியில் எச்சம் உலர்ந்திருந்தால் ஈ குறைவு. தண்ணீர்க் குழாய் கசிந்து எச்சம் நனைந்தால் ஈ பெருகும். கசிவை அடைப்பதே அங்கே முதல் மருந்து.

வீட்டில் காணும் ஈக்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் வேறு என்பதால் எதைத் தேட வேண்டும் என்பதும் மாறும்.

வீட்டு ஈ: சாணம், கோழி எச்சம், திறந்த குப்பை.
பச்சை, நீல நிறத்தில் மின்னும் ஈ: இறைச்சி, மீன் கழிவு, செத்த எலி.
சிறு பழ ஈ: கனிந்து அழுகும் பழம், புளித்த பானம், குப்பைக் கூடையின் அடி.
குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பஞ்சு போன்ற சாக்கடை ஈ: கழிவுநீர்க் குழாயின் உட்புறத்தில் படியும் வழவழப்பு.

பிறப்பிடம் தெரிந்தபின் செய்ய வேண்டியவை எளியவை. சமையலறைக் கழிவை மூடியுள்ள கூடையில் சேர்த்து அன்றாடம் அகற்ற வேண்டும். தொழுவத்துச் சாணத்தை வாரத்துக்கு இருமுறையாவது வாரி, எருக்குழியில் இட்டு மூடலாம். சாண எரிவாயுக் கலத்துக்கும் பயன்படுத்தலாம். கொல்லையில் கழுநீர் தேங்கி மண் சேறாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் மலத்தைத் தெருவோரத்திலோ குப்பையிலோ போடாமல் கழிப்பறையில் இட வேண்டும். குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமிகள் இருக்கும்.

பொறிகளையும் ஒட்டுத் தாளையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வெல்லம், அழுகிய பழம், கருவாடு ஆகியவற்றை இரையாகக் கொண்ட பொறியை வாசலில் வைத்தால் அதுவே ஈக்களை வீட்டுக்கு அழைத்துவிடும். வீட்டிலிருந்து தள்ளி, குப்பைக்கும் வீட்டுக்கும் இடையே வைக்க வேண்டும். மின்சார மட்டையால் அடிக்கும்போது ஈயின் உடல் சிதறுவதால் உணவுக்கு அருகில் பயன்படுத்தக் கூடாது. தேநீர்க் கடைகளிலும் பேக்கரிகளிலும் தொங்கவிடப்படும் தண்ணீர்ப் பைகள் ஈயை விரட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஈ அரை கிலோமீட்டருக்கு மேலும் பறந்து செல்லக்கூடியது. தன் வீட்டை மட்டும் சுத்தமாக வைத்திருப்பவர் பக்கத்துக் காலி மனையில் கிடக்கும் குப்பையிலிருந்து தப்ப முடியாது. ஈ ஒழிப்பு ஒரு வீட்டின் வேலையாக முடிவதில்லை. தெருவும் ஊராட்சியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

தொகுப்புரை

ஈச்சோப்பி முதல் மின்சார மட்டை வரை, ஆர்சனிக் தாள் முதல் டி.டி.டி. வரை, பறக்கும் ஈயைக் கொல்லக் கண்ட கருவிகள் பல. ஒவ்வொன்றும் சிறிது காலம் பயன்பட்டது. எதுவும் ஈயை ஒழிக்கவில்லை. மறுபுறம் வலை கட்டிய சன்னல், சூடேறிய எருக்குழி, மண் மூடிய குழி, வலையிட்ட குழாயுள்ள கழிப்பறை, ஒழுங்காக ஓடும் சாக்கடை ஆகியவை ஈக்களைச் சத்தமின்றிக் குறைத்தன. வீட்டில் ஈ மொய்க்கிறதென்றால், அருகில் எங்கோ ஒரு வாரத்துக்கு மேலாக ஈரக்கழிவு கிடக்கிறது என்று பொருள். மட்டையை எடுக்கும் முன் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.